கடல் வெப்பமும் புயல் எண்ணிக்கையும்: இலவசக் கணிப்புச் சேவைகளுக்கு ஒரு மதிப்பீடு

2013 மே மாதம் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா ஒரு கணிப்பு வெளியிட்டது. அட்லாண்டிக்கில் அந்தப் பருவத்தில் 13 முதல் 20 புயல்கள் பெயர் பெறும்; 7 முதல் 11 ஹரிகேன் எனப்படும் கடும் புயலாகும்; அவற்றில் 3 முதல் 6 பெரிய ஹரிகேனாக, அதாவது ஐந்து நிலை அளவுகோலில் 3-ஆம் நிலைக்கோ அதற்கு மேலோ, வளரும். பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் புயல்கள் 14, ஹரிகேன் வெறும் 2, பெரிய ஹரிகேன் ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் அட்லாண்டிக் புயல்களை அடக்கும் எல் நினோ, அதாவது நடு, கிழக்குப் பசிபிக் நீர் இயல்பைவிடச் சூடாகும் நிலை, அப்போது கிடையாது, அட்லாண்டிக்கும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

அந்த மூன்று எண்களையும் கையில் வைத்துக்கொண்டு இந்தச் சேவைகளை எடைபோட வேண்டும். இங்கே முக்கியமாகப் பார்க்கப்போவது நான்கு: நோவாவின் காலநிலைக் கணிப்பு மையம் மாதந்தோறும் தரும் எல் நினோ அறிக்கை, அதே மையம் திங்கட்கிழமைதோறும் புதுப்பிக்கும் கடல் வெப்ப எண்கள், நோவாவும் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகமும் தனித்தனியே வெளியிடும் பருவப் புயல் கணிப்பு, தினமும் வரும் கடல் வெப்ப வரைபடங்கள். எல்லாம் இணையத்தில் இலவசம், கணக்குத் தொடங்கக்கூடத் தேவையில்லை. கடல் இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்வதில் இவை முதல் தரம். அதை வைத்து இத்தனை புயல் என்று சொல்வதில் நடுத்தரம். புயல் எந்தக் கரையைத் தொடும் என்ற கேள்விக்கு இவற்றிடம் பதிலே கிடையாது. அதைக் கேட்பவர்தான் கடைசியில் ஏமாந்து, 'இவங்க சொல்றது எதுவும் நடக்காது' என்று திட்டுகிறார்.

மாதாந்தர எல் நினோ அறிக்கை

மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை வருகிறது. சில பத்தி எழுத்து, அதன் கீழே படங்கள். இந்த நான்கில் அதிக மதிப்பெண் இதற்குத்தான்: 5-க்கு 4½.

மேலேயே நிலை என்ன என்று போட்டிருக்கும். 'கண்காணிப்பு' என்றால் அடுத்த ஆறு மாதத்துக்குள் எல் நினோவோ, அதற்கு நேரெதிராக நீர் குளிரும் லா நினாவோ உருவாகச் சூழல் சாதகமாக இருக்கிறது என்று அர்த்தம். 'அறிவிப்பு' என்றால் வந்தேவிட்டது, இன்னும் நீடிக்கும். செய்திகளில் இந்த இரண்டும் கலந்து, கண்காணிப்பு வெளியான அன்றே 'எல் நினோ வந்தாச்சு' என்று தலைப்பு வந்துவிடும். 2014 இதற்கு நல்ல பாடம். அந்த ஆண்டு மார்ச்சில் கண்காணிப்பு வந்தது, கடலுக்கடியில் பெரிய வெப்பத் திரள் கிழக்கே நகர்ந்தது, பிரம்மாண்டமான எல் நினோ வரப்போகிறது என்று உலகமே பேசியது. ஆனால் காற்று ஒத்துழைக்கவில்லை. எல் நினோ வந்துவிட்டதாக நோவா அறிவித்தது 2015 மார்ச்சில்தான்.

அதனால்தான் அறிக்கையில் கடல் வெப்ப எண்ணோடு நின்றுவிடாமல் அடுத்த வரிகளையும் படிக்க வேண்டும். 850 ஹெக்டோபாஸ்கல் உயரத்தில், அதாவது சுமார் 1.5 கிலோமீட்டரில், நிலநடுக்கோட்டுக் காற்று இயல்பைவிடத் தளர்ந்திருக்கிறதா? 200 ஹெக்டோபாஸ்கல் உயரத்தில், அதாவது சுமார் 12 கிலோமீட்டரில், என்ன நடக்கிறது? மேகத்திரள் தேதிக்கோட்டுப் பக்கம் நகர்ந்திருக்கிறதா? கடலும் காற்றும் ஒரே திசையில் பேசினால்தான் அது எல் நினோ. கடல் மட்டும் சூடாக இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

அடிப்படை அளவுகோல் நினோ 3.4 என்ற செவ்வகம். நடுப் பசிபிக்கில் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகை, தெற்கே 5 பாகை. மேற்குத் தீர்க்கரேகை 170 முதல் 120 வரை. இதற்குள் கடல் மேற்பரப்பின் மூன்று மாத சராசரி வெப்பம் இயல்பைவிட 0.5 டிகிரி செல்சியஸ் கூடினால் எல் நினோ பக்கம், 0.5 டிகிரி குறைந்தால் லா நினா பக்கம். ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரும் ஐந்து மூன்று மாதத் தொகுப்புகள் தொடர்ந்து எல்லையைத் தாண்டினால்தான் வரலாற்று அட்டவணையில் அது சிவப்பு எழுத்தாகவோ நீல எழுத்தாகவோ ஏறும். 1997-98இல் உச்சம் 2.4, 2015-16இல் 2.6, 2023-24இல் 2.0.

புயலுக்காகப் படிப்பவர் பார்க்க வேண்டியது நிகழ்தகவுப் பட்டைப் படம். அடுத்து வரும் மூன்று மாதத் தொகுப்பு ஒவ்வொன்றுக்கும் எல் நினோ, நடுநிலை, லா நினா என மூன்று பட்டைகள் நிற்கும். அட்லாண்டிக்குக்கு ஆகஸ்ட்-செப்டம்பர்-அக்டோபர் பட்டையைப் பார்த்தால் போதும். வட இந்தியப் பெருங்கடலுக்கு அக்டோபர்-நவம்பர்-டிசம்பர். 'எல் நினோ வாய்ப்பு 60 சதவீதம்' என்ற செய்தியைப் பார்த்தால் எந்த மூன்று மாதத்துக்கு என்று முதலில் கேளுங்கள். குளிர்காலத்துக்கான எண்ணை எடுத்துக் கோடைப் புயலுக்கு ஒட்டிவிடுவது சர்வ சாதாரணமாக நடக்கிறது.

குறை என்று சொன்னால் இரண்டு. மார்ச் முதல் மே வரை வரும் அறிக்கைகளில் அடுத்த பருவத்துக்கான எண்களுக்குப் பலம் குறைவு. அந்த மாதங்களில்தான் பசிபிக்கின் கிழக்கு-மேற்கு வெப்ப வேறுபாடு மிகக் குறைந்திருக்கும். சிறு சலனம்கூடப் பின்னால் பெரிதாகி எந்தப் பக்கமும் சாயலாம். இதை யாராலும் சரிசெய்ய முடியாது, மாடல்களின் தவறும் இல்லை. ஆனால் படத்தில் ஏப்ரல் பட்டையும் ஆகஸ்ட் பட்டையும் ஒரே அழகோடுதான் நிற்கின்றன. வாசகருக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. இன்னொன்று, உலகக் கடலே சூடேறிக்கொண்டிருக்கும்போது நினோ 3.4 மட்டும் 1 டிகிரி கூடுதல் என்பதற்குப் பழைய பொருள் இல்லை. சுற்றிலும் வெப்பமண்டலக் கடல் முழுவதும் அரை டிகிரி ஏறியிருந்தால் உண்மையான ஏற்றத்தாழ்வு மீதி அரை டிகிரிதான். காற்றை நகர்த்துவது அந்த ஏற்றத்தாழ்வு. இதற்காகவே வெப்பமண்டல சராசரியைக் கழித்துவிட்டுப் பார்க்கும் ஒப்பீட்டுக் குறியீடு ஒன்று இருக்கிறது. 2023-24 எல் நினோ பழைய குறியீட்டில் பலமாகவும் ஒப்பீட்டுக் குறியீட்டில் அந்த அளவுக்கு இல்லாமலும் தெரிந்தது. இரண்டு இடத்தில் இரண்டு எண் கண்ணில் பட்டால் பதற வேண்டாம், எந்தக் குறியீடு என்று பார்த்தால் போதும்.

திங்கட்கிழமை எண்கள்

வாராந்தர எண்கள் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு வரியிலும் தேதி, அதையடுத்து பசிபிக்கின் நான்கு பெட்டிகளுக்கு நான்கு ஜோடி எண்கள்: நினோ 1+2, நினோ 3, நினோ 3.4, நினோ 4. ஜோடியின் முதல் எண் அசல் வெப்பநிலை, இரண்டாவது இயல்பிலிருந்து விலகல். தேதி அந்த வாரத்தின் புதன்கிழமையைக் குறிக்கும்.

எக்செலிலோ பைத்தானிலோ இதை இழுத்துப் போடுபவர்கள் முதல் நாளே மாட்டிக்கொள்வது ஒரு இடைவெளியில். கோப்பு நிலையான அகலத்தில் அமைந்தது. விலகல் நேர்மறையாக இருக்கும்போது '27.1 0.4' என்று இரண்டு எண்ணுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கும். எதிர்மறையானதும் அந்த வெற்றிடத்தில் கழித்தல் குறி உட்கார்ந்துகொள்ளும்: '26.3-0.4'. இடைவெளியை வைத்துப் பிரித்தால் இரண்டும் ஒரே எண்ணாக ஒட்டி, அதற்குப் பின்னால் உள்ள நெடுவரிசை எல்லாம் ஒரு கட்டம் இடம்பெயர்ந்துவிடும். எல் நினோ ஆண்டுகளில் நன்றாக ஓடிய நிரல் லா நினா வந்ததும் உளற ஆரம்பிப்பது இதனால்தான். எழுத்து நிலையை வைத்து வெட்டுங்கள். அல்லது படிப்பதற்கு முன் எண்ணையடுத்து வரும் கழித்தல் குறி ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு இடைவெளி செருகுங்கள்.

ஒரு வாரத்து எண்ணை வைத்துக் கொடி பிடிக்கவும் கூடாது. மேற்குக் காற்று ஒரு வாரம் பலமாக வீசினால் 0.3 டிகிரி ஏறும், இரண்டு வாரத்தில் இறங்கும். நினோ 1+2 இன்னும் மோசம். தென் அமெரிக்கக் கரையோரத்தில் உள்ள அந்தச் சின்னப் பெட்டி ஆழ்கடல் குளிர்நீர் மேலே வருவதைப் பொறுத்து மாதத்துக்குள் 1 டிகிரிக்கு மேல் ஆடும். அந்தப் பெட்டியின் எண்ணைக் காட்டி 'எல் நினோ' என்று எழுதினால் நம்பாதீர்கள்.

எங்கோ சூடானால் இங்கே ஏன் புயல் குறைகிறது

இது புரியாமல் மற்ற சேவைகளைப் பயன்படுத்துவது வீண். புயல் பிறக்க மேற்பரப்பு நீர் சுமார் 26.5 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. பருவம் வந்துவிட்டால் வெப்பமண்டலக் கடலின் பெரும்பகுதி அதைத் தாண்டிவிடுகிறது. அப்படியிருந்தும் ஓராண்டு புயல் குவிகிறது, அடுத்த ஆண்டு வெறிச்சோடுகிறது. காரணம் பெரும்பாலும் தண்ணீரில் இல்லை, மேலே காற்றில் இருக்கிறது.

எல் நினோவில் இடிமேகத் திரள் நடு, கிழக்குப் பசிபிக்குக்கு நகர்கிறது. அங்கே மேலே எழும் காற்று, 12 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கி வழிந்து கரீபியனையும் வெப்பமண்டல அட்லாண்டிக்கையும் கடக்கிறது. கீழே வழக்கமான கிழக்குக் காற்று, மேலே எதிர்த்திசையில் மேற்குக் காற்று. 850-க்கும் 200-க்கும் நடுவில் உள்ள இந்த வேறுபாடுதான் காற்று முறிவு. சுமார் 20 நாட் (மணிக்கு 37 கிலோமீட்டர்) தாண்டினால் புயலின் கோபுரம் சாயத் தொடங்கும். உச்சியில் சேர வேண்டிய வெப்பம் மையத்துக்கு மேலே நிற்காமல் பக்கவாட்டில் இழுத்துச் செல்லப்படும், வறண்ட காற்று உள்ளே நுழையும். செயற்கைக்கோள் படத்தில் மேகமெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கி, மொட்டையான சுழல் தனியே தெரிகிறதே, அந்தக் காட்சி இதுதான். கூடவே எல் நினோ மேல்வளிமண்டலத்தையும் சூடாக்குகிறது; கீழே கடல் ஏறாமல் மேலே மட்டும் சூடானால் காற்று எழும்ப மறுக்கும்.

கிழக்கு, நடுப் பசிபிக்கில் கதை தலைகீழ். அங்கே எல் நினோ நீரையும் சூடாக்கி முறிவையும் குறைக்கிறது. 2015 ஆகஸ்ட் 30 அன்று கிலோ, இக்னாசியோ, ஹிமெனா என்று மூன்று 4-ஆம் நிலை ஹரிகேன்கள் ஒரே நேரத்தில் அங்கே சுழன்றன. அதே ஆண்டு அக்டோபரில் பேட்ரிசியா மணிக்கு 345 கிலோமீட்டர் காற்றோடும் 872 ஹெக்டோபாஸ்கல் அழுத்தத்தோடும் மெக்சிகோ நோக்கி வந்தது. மேற்குப் பசிபிக்கில் எல் நினோவால் எண்ணிக்கை அவ்வளவு மாறுவதில்லை. பிறப்பிடம்தான் தென்கிழக்கே தள்ளிப்போகிறது. கரையிலிருந்து தொலைவில் பிறந்த சூறாவளிக்குச் சூடான நீரின் மேல் நெடுநாள் பயணம், அதனால் பலமும் அதிகம். எண்ணிக்கையை மட்டும் சொல்லும் எந்தச் சேவையும் அந்தப் பகுதிக்கு அரைப் பதில்தான் தருகிறது.

பருவக் கணிப்புகள்: எண்ணிக்கையும் காரணமும்

நோவா மே மாத இறுதியில் ஒன்று, ஆகஸ்ட் தொடக்கத்தில் திருத்தம் ஒன்று. கொலராடோ ஏப்ரல், ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ஒப்பிடுவதற்கு 1991 முதல் 2020 வரையிலான சராசரி: 14 புயல், 7 ஹரிகேன், 3 பெரியது.

நோவா தருவது வரம்பு, அதற்கு 70 சதவீத நம்பிக்கை என்றும் சேர்த்தே சொல்கிறது. பத்து முறையில் மூன்று முறை வெளியே விழும் என்று தானே ஒப்புக்கொள்கிறது. சமீபத்திய வரவுசெலவைப் பாருங்கள்; எண்கள் புயல், ஹரிகேன், பெரிய ஹரிகேன் என்ற வரிசையில். 2022 மே: 14 முதல் 21, 6 முதல் 10, 3 முதல் 6, நடந்தது 14, 8, 2. லா நினா இருந்தும் ஆகஸ்ட் முழுக்க ஒரு புயல்கூடப் பெயர் பெறவில்லை, அது 1997-க்குப் பிறகு முதல் முறை. 2024 மே: 17 முதல் 25, 8 முதல் 13, 4 முதல் 7, நடந்தது 18, 11, 5. மூன்றும் உள்ளே. 2025 மே: 13 முதல் 19, 6 முதல் 10, 3 முதல் 5, நடந்தது 13, 5, 4. ஹரிகேன் எண்ணிக்கை வரம்புக்குக் கீழே, ஆனால் ஆன ஐந்தில் நான்கு பெரியவை, அதிலும் மூன்று 5-ஆம் நிலை. 2013-ஐ அப்படியே திருப்பிப் போட்டது போல.

இதில் கவனிக்க வேண்டியது 2023. எல் நினோ வலுத்துக்கொண்டிருந்த ஆண்டு. பழைய விதிப்படி அட்லாண்டிக் அடங்கியிருக்க வேண்டும். மே மாதம் நோவா சொன்னது 12 முதல் 17. ஆனால் வெப்பமண்டல அட்லாண்டிக் அதற்கு முன் பதிவாகாத சூட்டுக்குப் போய்விட்டது. ஆகஸ்டில் வரம்பை 14 முதல் 21 என்று உயர்த்தினார்கள். முடிவில் 20 புயல், 7 ஹரிகேன், 3 பெரியது. இரண்டு கடல்களும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்த ஆண்டு அது. ஆகஸ்ட் திருத்தத்துக்கு மதிப்பு அதனால்தான். அதற்குள் பசிபிக்கின் போக்கு தெளிந்துவிடும், அட்லாண்டிக்கின் சூடு கண்ணெதிரே இருக்கும், பருவத்தின் பெரும்பகுதி இன்னும் மிச்சமிருக்கும். ஏப்ரல் கணிப்பு பேச்சுக்கு, ஆகஸ்ட் கணிப்பு வேலைக்கு.

கொலராடோ கணிப்பை 1984-இல் தொடங்கியவர் வில்லியம் கிரே. எல் நினோவுக்கும் அட்லாண்டிக் ஹரிகேனுக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக எழுதியவரும் அவரே. இந்தக் குழுவிடம் பாராட்ட வேண்டியது நேர்மை. டிசம்பரிலேயே அடுத்த ஆண்டுக்கு எண் சொல்லும் வழக்கம் அவர்களுக்கு இருந்தது. இருபது ஆண்டு முடிவுகளைச் சோதித்து, அதில் திறன் இல்லை என்று தாங்களே அறிவித்து நிறுத்திவிட்டார்கள். பருவம் முடிந்ததும் எங்கே தவறினோம் என்று தனி அறிக்கையும் போடுகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. 'இந்த ஆண்டைப் போன்ற பழைய ஆண்டுகள்' என்று ஒரு பட்டியல் தருவார்கள். 2024 ஏப்ரலில் அதில் 1878-உம் 1926-உம் இருந்தன. செயற்கைக்கோள் இல்லாத காலம். நடுக்கடலில் பிறந்து அங்கேயே மாண்ட புயலைக் கப்பல் எதுவும் பார்க்காவிட்டால் கணக்கிலேயே வராது. கரையேறும் வாய்ப்பு என்று பகுதிவாரியாகத் தரும் சதவீதங்களிலும் அசந்துவிட வேண்டாம். நீண்டகால சராசரியை அந்த ஆண்டின் மொத்தப் புயல் ஆற்றல் கணிப்புக்கு ஏற்ப மேலும் கீழும் நகர்த்தியது அது, தனியாக அந்தக் கரையைப் பார்த்துச் சொன்னது அல்ல. அப்படிப் பார்த்தால் 1992-இல் என்ன செய்திருப்பீர்கள்? மந்தமான பருவம், பெயர் பெற்ற முதல் புயலே ஆகஸ்டில்தான். அந்த முதல் புயலின் பெயர் ஆண்ட்ரூ. 5-ஆம் நிலையில் ஃபுளோரிடாவைத் தாக்கியது.

அறிக்கையில் எண்ணிக்கையைவிட உருப்படியானது ஏஸ் என்ற ஆற்றல் குறியீடு. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புயலின் உச்சக் காற்றை நாட் அலகில் எடுத்து, வர்க்கப்படுத்தி, எல்லாவற்றையும் கூட்டி 10,000-ஆல் வகுக்க வேண்டும். 100 நாட் ஹரிகேன் ஒரு நாள் இருந்தால் 100-இன் வர்க்கம் நான்கு முறை, 40,000, ஏஸ் 4. 40 நாட் புயல் ஒரு நாள் இருந்தால் 0.64. அந்தச் சின்னப் புயல் ஆறு நாளுக்கு மேல் உயிரோடிருந்தால்தான் ஹரிகேனின் ஒரு நாளுக்கு ஈடாகும். ஒரு நாளில் பிறந்து மறைந்த புயல்களால் எண்ணிக்கை வீங்கிப்போன பருவத்தை ஏஸ் காட்டிக்கொடுத்துவிடும்.

கடல் ஆயத்தமாக இருந்தும் புயல் வராத வாரங்களுக்குக் காரணம் இந்தக் கணிப்புகளில் இருக்காது. 2024-இல் ஆகஸ்ட் 20 வாக்கில் எர்னஸ்டோ புயல் முடிந்த பிறகு செப்டம்பர் 9 வரை அட்லாண்டிக்கில் ஒன்றும் பெயர் பெறவில்லை. உச்சக் காலமே அது! ஆப்பிரிக்காவிலிருந்து வரும், புயலுக்கு விதையாகும் காற்றலைகள் அந்த வாரங்களில் வழக்கத்தைவிட வடக்கே கடலுக்குள் இறங்கி, குளிர்ந்த நீரிலும் வறண்ட காற்றிலும் சிக்கிக்கொண்டன. அதன்பின் ஹெலீன், மில்டன் என்ற பெரிய ஹரிகேன்கள் வந்ததும் 'கணிப்பு பொய்' என்று எழுதியவர்கள் அமைதியானார்கள். நோவா கணிப்புக்கு 5-க்கு 3, ஆகஸ்ட் திருத்தத்துக்கு மட்டும் 4. கொலராடோவுக்கு 3½, தவறை ஒளிக்காததற்காக அரை மதிப்பெண் கூட.

தினசரி வெப்ப வரைபடங்கள்

பார்க்க அழகு, ஏமாற எளிது. ஒரே நாளில் ஒரே கடலுக்கு இரண்டு வரைபடம் எடுத்தால் ஒன்று கடும் சிவப்பு, இன்னொன்று இளமஞ்சள். பெரும்பாலும் அடிப்படை ஆண்டுகள்தான் வேறு. பவளப்பாறைக் கண்காணிப்புக்காக நோவா தரும் 5 கிலோமீட்டர் வரைபடத்தின் இயல்பு 1985 முதல் 2012 வரையிலானது. எல் நினோ அறிக்கையின் வரைபடம் 1991 முதல் 2020 வரை. முன்னது பழைய, குளிர்ந்த காலத்தோடு ஒப்பிடுவதால் எப்போதும் கொஞ்சம் அதிகச் சிவப்பாகவே தெரியும். படத்தைப் பகிர்வதற்கு முன் ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

அளவிடும் முறையிலும் சிக்கல் உண்டு. அகச்சிவப்புக் கருவி நுணுக்கமானது, ஆனால் மேகத்தைத் துளைக்காது. நுண்ணலைக் கருவி மேகத்தைத் துளைக்கும். மழையிலும் கரையோரத்திலும் தடுமாறும், படமும் கரடுமுரடு. புயல் நிற்கும் இடத்தில் பல நாள் அகச்சிவப்புத் தரவே கிடைக்காமல், பழைய மதிப்பையோ சுற்றியுள்ள மதிப்பையோ வைத்து வரைபடம் நிரப்பப்படும். புயல் கடந்த பிறகு மேகம் விலகியதும் திடீரென ஒரு குளிர் தடம் தோன்றும். அது அன்று குளிர்ந்ததல்ல, அன்றுதான் கண்ணில் பட்டது.

அந்தக் குளிர் தடம் வரைபடத்தின் பெரிய குறையையும் காட்டுகிறது. வரைபடம் தோலை மட்டும் பார்க்கிறது, புயல் குடிப்பதோ ஆழத்திலிருந்து. காற்று கடலைக் கலக்கும்போது கீழே குளிர்நீர் அருகில் இருந்தால் மேற்பரப்பு சில டிகிரி இறங்கி, புயல் தன் அடுப்பைத் தானே அணைத்துக்கொள்ளும். வெப்ப நீர் 100 மீட்டர் ஆழம் வரை இருந்தால் எவ்வளவு கலக்கினாலும் சூடுதான் மேலே வரும். மெக்சிகோ வளைகுடாவின் லூப் நீரோட்டம் அப்படிப்பட்ட இடம். 2005-இல் கத்ரீனா ஹரிகேன் அங்கேதான் வீங்கியது. வங்கக் கடலில் வேறு விதமான சங்கதி. ஆற்று நீரும் மழை நீரும் லேசான நன்னீர்ப் போர்வையாக மேலே மிதக்கின்றன. உப்பு வேறுபாடு காரணமாக அடியிலுள்ள குளிர்நீர் எளிதில் கலப்பதில்லை.

எனவே மேற்பரப்பு வரைபடத்தோடு கடல் வெப்பக் கொள்ளளவு வரைபடத்தையும் திறந்து வையுங்கள். 26 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தை, நீர் 26 டிகிரிக்கு இறங்கும் ஆழம் வரை கூட்டி, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோஜூல் என்று தரும். 50-ஐத் தாண்டினால் விரைந்து வலுக்க இடமிருக்கிறது. முறிவு குறைவாக இருந்தால் மட்டும், அதை மறந்துவிடக் கூடாது. மேற்பரப்பு வரைபடத்துக்கு 3, கொள்ளளவு வரைபடத்துக்கு 4.

பல பத்தாண்டுச் சுழற்சி

1970 முதல் 1994 வரை அட்லாண்டிக் அடங்கியிருந்தது, 1995 முதல் சுறுசுறுப்பு. அட்லாண்டிக் பல பத்தாண்டு அலைவு என்று இதற்குப் பெயர். இது கடலின் இயல்பான மூச்சா, அல்லது தொழிற்சாலைப் புகைத்துகள் அந்தக் காலத்தில் வெயிலை மறைத்து, பிறகு குறைந்ததன் விளைவா என்ற வாதம் முடியவில்லை. இதற்கான குறியீட்டை வைத்து அடுத்த பருவத்துக்கு யாராவது எண் சொன்னால் தாண்டிப் போங்கள். அடுத்த ஆறு மாதத்துக்குச் சொல்ல அதனிடம் எதுவும் இல்லை.

இந்தியப் பெருங்கடலும் மாதத்துக்குள் நடக்கும் ஆட்டமும்

இந்தியப் பெருங்கடலுக்கு அட்லாண்டிக்குக்குக் கிடைப்பது போன்ற பளபளப்பான பருவக் கணிப்பு இல்லை. கைக்கு எட்டுவது இருமுனை அலைவுக் குறியீடு. மேற்கே கிழக்குத் தீர்க்கரேகை 50 முதல் 70 வரையிலான பெட்டியின் விலகலிலிருந்து, கிழக்கே சுமத்ராவை ஒட்டி 90 முதல் 110 வரையிலான பெட்டியின் விலகலைக் கழித்தால் கிடைப்பது. ஆஸ்திரேலிய வானிலைத் துறை இதைத் தொடர்ந்து வெளியிடுகிறது, 0.4 டிகிரி எல்லை. 2019-இல் இது கடும் நேர்மறையில் இருந்தது. அந்த ஆண்டு வட இந்தியப் பெருங்கடலின் எட்டுப் புயல்களில் ஐந்து அரபிக் கடலில் பிறந்தன: வாயு, ஹிக்கா, கியார், மகா, பவன். கியார், 2007-இன் கோனுவுக்குப் பிறகு அரபிக் கடல் கண்ட முதல் சூப்பர் புயல். வங்கக் கடலின் அக்டோபர்-டிசம்பர் பருவத்துக்கு லா நினா சாதகம் என்பதும் தரவில் தெரிகிறது. ஆனால் ஆண்டுக்குச் சில புயலே வரும் கடலில் 'இயல்பைவிட அதிகம்' என்பது ஒன்றோ இரண்டோ கூடுதல். இவ்வளவு சிறிய எண்ணில் சதவீதம் போடுபவரை நம்ப வேண்டாம்.

அங்கே உண்மையில் உதவுவது எம்.ஜே.ஓ. (மேடன்-ஜூலியன் அலைவு) படம். 30 முதல் 60 நாளில் நிலநடுக்கோட்டைச் சுற்றி வரும் மேகத்திரளை எட்டுக் கட்டமாகப் பிரித்து வட்டத்தில் வரைந்திருப்பார்கள். நாளுக்கு ஒரு புள்ளி, இடஞ்சுழியாக நகரும். நடுவட்டத்துக்குள் புள்ளி இருந்தால் பலவீனம், எந்தக் கட்டம் என்று பார்ப்பதில் பொருளில்லை. வெளியே வந்து 2, 3-ஆம் கட்டத்தில் நின்றால் மேகத்திரள் இந்தியப் பெருங்கடலில். எல் நினோ பருவத்தின் மேடையைப் போடுகிறது என்றால், எந்த வாரம் திரை விலகும் என்பதை இதுதான் காட்டும். 5-க்கு 4, படத்தைப் படிக்கப் பழகும் வரை 2.

இதையே வரைபடமாக்கி, செவ்வாய்க்கிழமைதோறும் இரண்டாவது, மூன்றாவது வாரத்துக்கான புயல் வாய்ப்பை உலகம் முழுவதற்கும் காலநிலைக் கணிப்பு மையம் தருகிறது. அதிகம் பேசப்படாத சேவை, ஆனால் இந்த வரிசையில் நடைமுறைக்கு மிக நெருக்கமானது. மாதம் ஒருமுறை எல் நினோ அறிக்கை, ஆகஸ்டில் பருவத் திருத்தம், பருவம் முழுக்கச் செவ்வாய் வரைபடம்: இவ்வளவு போதும், வாரத்துக்கு ஐந்து நிமிடம்.

அதிலிருந்து அடுத்த படி அந்தந்தக் கடலுக்குப் பொறுப்பான எச்சரிக்கை மையம். அட்லாண்டிக், கிழக்குப் பசிபிக்குக்கு அமெரிக்க தேசிய ஹரிகேன் மையம் ஏழு நாள் வரைபடம் தருகிறது: 40 சதவீதத்துக்குக் கீழே மஞ்சள், 60 வரை ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. நீளமாகத் தெரியும் அந்த வண்ணப் பட்டையைப் புயலின் பாதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பிறக்கக்கூடிய இடத்தின் எல்லை. பாதை, புயல் சின்னம் உருவாகி அறிவிப்பு வெளிவந்த பிறகுதான் வரும்.